பிக்கப் வண்டியின் புகைக்குழாயில் ஓட்டை: ஒட்டுப் போடுவதா, துண்டு மாற்றுவதா, முழுதும் மாற்றுவதா?

கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலும் மீன் ஏற்றும் பிக்கப் வண்டிகளில், இன்ஜினும் கியர் பெட்டியும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே முதலில் இற்றுப்போவது புகைக்குழாய்தான். பொலேரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா என்று எந்த வண்டியை எடுத்துக்கொண்டாலும் பெரும்பாலும் சைலன்சர் டப்பா தாங்கி நிற்கும். அதற்கு முன்னோ பின்னோ உள்ள ஓரடி, இரண்டடிக் குழாய்தான் ஓட்டையாகி வண்டி டிராக்டரைப் போல் இரையத் தொடங்கும். அப்போது வண்டிக்காரர் முன் நிற்கும் வழிகள் ஐந்து: ஓட்டையின்மேல் தகடு வைத்து வெல்டிங் செய்வது, காயலான் கடையில் பழைய குழாய் தேடுவது, பட்டறையில் எம்.எஸ். (சாதாரண இரும்பு) குழாய்த் துண்டு வளைத்துப் போடுவது, அதையே எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாயில் செய்வது, நிறுவனத்தின் அசல் பாகத்தை வாங்கி மாட்டுவது. இவற்றில் எது சிறந்தது என்ற பேச்சு எப்போதும் குழாயின் உலோகத்தைப் பற்றியே நடக்கிறது. துரு எந்த இடத்தில் முடிகிறது என்று கண்டறிந்து, அதைத் தாண்டி நல்ல இரும்பில் வெட்டி இணைப்பதே முதல் முடிவு என்றும், உலோகம் அதற்கு அடுத்ததுதான் என்றும் நான் உறுதியாகக் கருதுகிறேன்.

இந்தக் கடலோரத்தில் குழாய்க்கு இரு பக்கமும் பகை. ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் புகையோடு வெளியேறுகிறது. வண்டி நெடுந்தூரம் ஓடினால் குழாய் நன்றாகச் சூடேறி அந்த ஈரம் போய்விடும். துறைமுகத்திலிருந்து சந்தைக்கும் சந்தையிலிருந்து ஐஸ் கடைக்குமாகக் குறுந்தூரம் ஓடி நிற்கும் வண்டியில் அது குழாயின் அடிப்பகுதியில் நீராகத் தேங்கிவிடுகிறது. பி.எஸ். என்னும் மாசுக் கட்டுப்பாட்டுத் தரவரிசையில், பி.எஸ்.4 டீசலில் பத்து லட்சத்துக்கு 50 பங்காக இருந்த கந்தக அளவு, 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 டீசலில் 10 பங்காகக் குறைந்தது. அதனால் அமில அரிப்பு குறைந்ததே தவிர, தண்ணீர் குறையவில்லை. வெளிப்பக்கத்திலோ உப்புக்காற்று போதாதென்று, மீன் பெட்டிகளிலிருந்து உருகும் ஐஸ் தண்ணீர் லோடு பாடியின் பலகை இடுக்கு வழியாகச் சொட்டி, பின் அச்சுக்கு மேலே வளைந்து செல்லும் குழாயின்மேல் நேராக விழுகிறது. சூடான குழாயில் தண்ணீர் ஆவியாக, உப்பு மட்டும் படிந்துவிடும். காற்றிலுள்ள ஈரத்தை உப்பு இழுத்துக்கொண்டே இருப்பதால், வண்டி நிறுத்தி வைத்திருக்கும் இரவிலும் அரிப்பு நிற்பதில்லை.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன், குழாய் ஆறிய பின்பு வண்டிக்கு அடியில் போய்ப் பார்க்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே படுக்காமல், தாங்கு கட்டை வைத்துக்கொள்ள வேண்டும். சிறிய ஸ்பேனரால் குழாயை ஓட்டையிலிருந்து முன்னும் பின்னும் அரை அடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்த இடம் மொத்தையாக ஒலிக்கும். மேற்பக்கம் கறுப்பு நிறம் மாறாமல் புதிதாகத் தெரியும் குழாயின் அடிப்பக்கத்தில் ஸ்குரூ டிரைவர் முனையை வைத்து அழுத்தினால் அப்பளம்போல் நொறுங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கணீரென்ற ஒலி எங்கே திரும்பி வருகிறதோ அதற்கும் இரண்டு அங்குலம் தள்ளி சாக்பீஸால் கோடு போட்டுவிட வேண்டும். இரு பக்கக் கோடுகளுக்கு இடையிலான நீளமே மாற்ற வேண்டிய துண்டு. ஓட்டையின் அளவு அதில் ஒரு பொருட்டே அல்ல. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த 2024 நவம்பர் 30-ஐ ஒட்டிய நாள்களில் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால், டப்பாவையும் ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே தகடு கலகலத்தால் துண்டு மாற்றும் யோசனையையே விட்டுவிடலாம்.

தகடு வைத்து ஒட்டுவது மலிவானது, அரை மணி நேர வேலை. கல் பட்டுப் பிளந்த குழாய்க்கும், சேஸிஸில் உரசித் தேய்ந்த குழாய்க்கும், சுற்றிலும் இரும்பு கெட்டியாக இருக்கும் வரை, இதுவே போதுமானது. துருவால் விழுந்த ஓட்டைக்கு இது ஆகாது. மெலிந்த இரும்பில் ஆர்க் வைத்தவுடன் ஓட்டை அகலும். அகன்ற ஓட்டையை மூட இன்னும் பெரிய தகடு, அதன் விளிம்பில் மீண்டும் வெப்பம் என்று போய், அடுத்த மழைக்காலத்தில் தகட்டின் ஓரத்திலேயே விரிசல் விடும். சைலன்சர் பேஸ்ட், பேண்டேஜ் போன்றவை வழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்கப் பயன்படும், அவ்வளவே.

காயலான் கடைக் குழாயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இதே கடலோரத்தில் ஓடிய வண்டியிலிருந்து கழற்றியதாக இருந்தால் அதிலும் இதே துரு இருக்கும். உள்மாவட்டத்து வண்டியின் குழாய் என்று தெரிந்து, தட்டிப் பார்த்து, ஃபிளேஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் முனைத் தகடு) துளைகளும் பொருந்தினால் வாங்கலாம்.

உண்மையான போட்டி எம்.எஸ். துண்டுக்கும் எஸ்.எஸ். துண்டுக்கும் அசல் பாகத்துக்கும் இடையில்தான்.

எம்.எஸ். குழாய் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும், எந்தப் பட்டறையிலும் வெல்டிங் ஏறும், விலையும் குறைவு. இதில் கேஜ் முக்கியம், எண் குறையக் குறையத் தடிமன் கூடும்: 16 கேஜ் என்பது ஏறக்குறைய 1.6 மி.மீ., 14 கேஜ் ஏறக்குறைய 2 மி.மீ. தடிமன். மீன் வண்டிக்கு 14 கேஜைவிட மெல்லியதை வாங்கக் கூடாது. அந்தச் சிறு கூடுதல் தடிமனே ஒன்றிரண்டு மழைக்காலத்தைக் கூட்டித் தரும். பட்டறையில் கவனிக்க வேண்டியது வளைவு. மணல் நிரப்பிச் சூடாக்கி நிதானமாக வளைத்தால் குழாய் வட்டமாகவே இருக்கும். அவசரத்தில் வளைத்து மடிப்பு விழுந்தால் அந்த இடத்தில் புகை நெருக்குண்டு, இழுவை குறைந்து, டீசல் கூடுதலாகச் செலவாகும். மடிப்பு விழுந்த குழாயைத் திருப்பிக் கொடுக்கத் தயங்க வேண்டாம். துரு பிடிக்காது என்று சொல்லி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தண்ணீர்க் குழாயைப் போடும் வழக்கமும் இருக்கிறது. துத்தநாகப் பூச்சு 420 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடும். வெல்டிங்கின்போது அது புகையாகி, சுவாசிப்பவருக்குக் குளிர்காய்ச்சலைப் போன்ற உபாதையைத் தரும். வெல்டிங் செய்பவரின் உடம்பைக் கருதியாவது அதைத் தவிர்க்க வேண்டும்.

எஸ்.எஸ். குழாய் எம்.எஸ்.ஸைவிடப் பல மடங்கு விலை கூடியது. உப்புத் தண்ணீரை அது தாங்குவதும் அந்த அளவுக்கு மேலானதே. ஆனால் எஸ்.எஸ். எல்லாம் ஒன்றல்ல. 304 வகையில் குரோமியம் ஏறக்குறைய 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். புகைக்குழாய்க்கென்றே தொழிற்சாலைகள் பயன்படுத்தும் 409 வகையில் குரோமியம் 11 சதவீத அளவில்தான், நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. படிக்கட்டுக் கைப்பிடிக்கு விற்கப்படும் மலிவான குழாயில் பெரும்பகுதி 200 வரிசையைச் சேர்ந்தது. பளபளப்பில் 304-ஐப் போலவே இருந்தாலும் உப்புக்கு அதைப்போல் ஈடுகொடுக்காது, சுவரும் பெரும்பாலும் மெல்லியது. காந்தம் வைத்துப் பார்த்து வாங்குவது இங்கே நம்மை ஏமாற்றிவிடும், ஏனெனில் 202-லும் 304-லும் காந்தம் ஒட்டாது, ஆனால் புகைக்குழாய்க்கு ஏற்ற 409-இல் ஒட்டும். குழாயின்மேல் அச்சிட்டிருக்கும் வகை எண்ணைப் பார்த்து, பில்லிலும் அதை எழுதி வாங்குவதே சரி.

எஸ்.எஸ். துண்டின் பலவீனம் அதன் இரு முனைகளில் இருக்கிறது. புதிய எஸ்.எஸ். குழாயைப் பழைய எம்.எஸ். குழாயோடு சேர்த்த இடத்தில் உப்புநீர் நின்றால், இரண்டு உலோகங்களுக்கும் இடையிலான மின்வேதி வினையில் அரிபடுவது எம்.எஸ். பக்கமே. ஏற்கெனவே பாதி இற்ற முனையில் விலையுயர்ந்த துண்டைச் சேர்த்தால், துண்டு புதிதாகவே நிற்க, அதன் பக்கத்தில் அடுத்த ஓட்டை விழும். நன்றாகக் கெட்டியான இரும்பு வரை வெட்டிப் போகாதவர்கள் எஸ்.எஸ். பக்கம் போகவே வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். வெல்டிங்குக்கும் தனிக் கவனம் வேண்டும்: ஆர்கான் வெல்டிங் நல்லது, சாதாரண எம்.எஸ். ராடுக்குப் பதிலாக இரு உலோகங்களை இணைப்பதற்கென்று உள்ள 309 வகை ராடு வேண்டும், முடிந்தபின் எம்.எஸ். பக்கம் வெப்பம் தாங்கும் அலுமினிய பெயிண்ட் அடிக்க வேண்டும். மேலும் 304 சூட்டில் அதிகம் நீளும். ஒரு மீட்டர்க் குழாய் 300 டிகிரி சூடேறினால் எம்.எஸ். சுமார் மூன்றரை மி.மீ. நீளும், 304 ஐந்து மி.மீ. நீளும். குழாயைத் தொங்கவிடும் ஹேங்கர் ரப்பரை விறைப்பாக இழுத்து மாட்டினால் அந்த நீட்சி வெல்டிங் இணைப்பில்தான் போய் விழும்.

அசல் பாகத்தின் பெரிய நன்மை பொருத்தம். ஃபிளேஞ்ச், கேஸ்கட், ஹேங்கர் கம்பி எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும், வளைவு சீராக இருக்கும், பெரும்பாலும் அலுமினியப் பூச்சு எஃகாகவோ 409 ஆகவோ இருக்கும். சில வண்டிகளுக்குத் துண்டாகத் தராமல் டப்பாவோடு சேர்த்தே தருவார்கள் என்பதுதான் செலவைக் கூட்டுகிறது. முன்பெல்லாம் விற்பனை வரி குறைவு என்று கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய் உதிரிபாகம் வாங்குவது வழக்கம். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் இரு பக்கமும் ஒரே வரி என்பதால், அதற்காக முள்ளோடை எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை. அசல் என்று சொல்லி விற்கப்படும் போலிக் குழாய் மெல்லிய தகட்டில் இருக்கும். பழையதையும் புதியதையும் இரு கையில் தூக்கிப் பார்த்தாலே எடை காட்டிக்கொடுத்துவிடும்.

இணைப்பு முறையிலும் இரண்டு கட்சி உண்டு. முழு வெல்டிங் கசியாது, ஆனால் அடுத்தமுறை மீண்டும் வெட்டத்தான் வேண்டும். ஸ்லீவ் போட்டு, அதாவது ஒரு குழாயை மற்றதற்குள் செருகி, கிளாம்ப் இறுக்கினால் கழற்றலாம், குழாய் நீள்வதற்கும் சற்று இடம் கிடைக்கும். இரண்டு அங்குலமாவது ஒன்றுக்குள் ஒன்று போயிருக்க வேண்டும், முன்பக்கக் குழாய் பின்பக்கக் குழாய்க்குள் நுழைந்திருக்க வேண்டும். இன்ஜின் பக்க இணைப்பை வெல்டிங்கிலும் பின்பக்க இணைப்பை ஸ்லீவிலும் வைப்பதே என் விருப்பம். அதிர்வை வாங்கிக்கொள்ளும் பெல்லோஸ் குழாயை மட்டும் எக்காரணம் கொண்டும் வெல்டிங் வைத்து விறைப்பாக்கக் கூடாது. வெல்டிங் தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும், டீசல் குழாய்க்கும் பிரேக் குழாய்க்கும் முன் ஈரச்சாக்குக் கட்ட வேண்டும். புகைக்குழாய்க்கும் எரிபொருள் குழாய்க்கும் இடையே குறைந்தது 35 மி.மீ. இடைவெளி வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 சொல்கின்றன. பட்டறையில் வளைத்த துண்டில்தான் இது தவறிப்போகிறது.

பி.எஸ்.6 வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. வினையூக்கிக் கலனும் கரித்துகள் வடிகட்டியும் சென்சார்களும் உள்ள முன்பகுதியில் உள்ளூர்ப் பட்டறையைக் கைவைக்க விடவே கூடாது. அங்கே அசல் பாகம் ஒன்றே வழி. வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும்போது அதற்குள் வெப்பம் 600 டிகிரியை எட்டும் என்பதால், அதன் பின்னால் போடும் துண்டுக்கு அருகில் ஒயரோ ரப்பரோ பலகையோ இருக்கக் கூடாது. கலனுக்குப் பின்னால் உள்ள குழாயில் பழைய விட்டமே இருக்கும் வரை துண்டு மாற்றலாம்.

எட்டு ஆண்டு தாண்டி ஆண்டுதோறும் எஃப்.சி. (வாகனத் தகுதிச் சான்று) காட்ட வேண்டிய நிலையிலுள்ள மீன் வண்டிக்கு 14 கேஜ் எம்.எஸ். துண்டும் பின்பக்க ஸ்லீவும் போதும்; அடுத்தமுறை அந்தத் துண்டை மட்டும் ஒரு மணி நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஐந்தாண்டுக்கு உட்பட்ட மீன் வண்டியில், இரு முனையும் கெட்டியாக இருந்தால், 304-க்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் நெல்லிக்குப்பம் கரும்பும் ஏற்றும் வண்டிக்கு உப்புத்தண்ணீர்த் தொல்லை இல்லை, எம்.எஸ். துண்டே நெடுநாள் வரும். இரண்டு இடத்துக்கு மேல் ஓட்டை உள்ள குழாயை எந்த வண்டியாக இருந்தாலும் முழுதாக மாற்றிவிடுவதே நல்லது.

மாட்டி முடித்ததும் வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, வால்முனையைக் கனத்த ஈரத்துணியால் ஒரு கணம் பாதி மறைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் கசிவு இருக்கிறது. கேபினுக்கு அடியில் கசியும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது என்பதால் மூக்கை நம்பி விட்டுவிட முடியாது. ஓரிரு நாள் ஓடிச் சூடேறி ஆறியபின் கிளாம்ப் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கி, லோடு பாடியில் ஐஸ் தண்ணீர் சொட்டும் இடுக்கை அடைத்து, தண்ணீர் சக்கரத்துக்குப் பின்னால் விழும்படி ஒரு ரப்பர்க் குழாயைச் செருகிவிட வேண்டும்.