ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கம் வேலையாகப் போகிறவர்களுக்கு: டிக்கெட், கார், அறை மூன்றையும் ஒரே ஆளிடம் ஒப்படைக்காதீர்கள்

ஐஸ் ஆலைகளின் அம்மோனியா கம்ப்ரசர்களைப் பிரித்துப் பழுது பார்ப்பது என் வேலை. சென்னையில் ஒரு சிறு நிறுவனத்தில் இருக்கிறேன். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில்தான் மண்டபம், பாம்பன் பக்கத்து ஆலைக்காரர்கள் எந்திரத்தை நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுவார்கள். தடை முடிந்து படகுகள் கிளம்பும்போது ஐஸ் தயாராக இருந்தாக வேண்டும். நாங்கள் ஒரு நாள் பிந்தினால் அந்த ஆலையின் முதல் வியாபாரமே போய்விடும். இந்த அவசரத்தை நன்றாகத் தெரிந்துகொண்ட ஒருவர்தான் 2025 ஜூனில் என்னை ஏமாற்றினார்.

பயணம் ஏற்பாடு செய்து கொடுப்பவர் என்று சொல்லி, அலுவலகத்தில் யாரோ அவருடைய எண்ணைக் கொடுத்தார்கள். ரயில் டிக்கெட், ஸ்டேஷனிலிருந்து கார், மண்டபத்தில் இரண்டு இரவு அறை, எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே. "ராமநாதபுரத்துக்கு அப்பால் ரயில் போகாது சார், கார் இல்லாமல் உங்களால் சமாளிக்க முடியாது" என்றார். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்ட பிறகு, வண்டிகள் ராமநாதபுரத்தோடும் மண்டபத்தோடும் நின்றுபோனது உண்மைதான். ஆனால் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதியே புதிய பாலம் திறந்து, ராமேஸ்வரம் வரை ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இரண்டு மாதம் கழித்தும் அந்தப் பழைய நிலைமையைச் சொல்லியே கார் வாடகை வாங்கினார். செய்தித்தாளில் படித்திருந்தும் நான் நம்பினேன். வேலைப் பளுவில் யோசிக்க நேரமில்லை.

டிக்கெட்டில் நடந்ததைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். அவர் அனுப்பியது காத்திருப்புப் பட்டியல் இ-டிக்கெட். "சார்ட் போட்டதும் உறுதியாகிவிடும், கவலையே வேண்டாம்" என்றார். ஞாயிறு மாலை, வால்வும் பேரிங்கும் ஆயில் சீலும் நிறைந்த இரும்புப் பெட்டியோடு எழும்பூர் போய் நிற்கிறேன். என் பெயர் சார்ட்டில் இல்லை. "டிக்கெட் தானாகவே ரத்தாகிவிட்டது, தகவல் வந்திருக்குமே" என்றார் பரிசோதகர். வரவில்லை. முன்பதிவில் கொடுக்கப்பட்டிருந்த கைபேசி எண் அந்த ஏற்பாட்டாளருடையது. கடைசிவரை காத்திருப்பிலேயே நிற்கும் இ-டிக்கெட்டுக்குச் சிறு பிடித்தம் போக மீதித் தொகை, பணம் கட்டிய கணக்குக்கே திரும்பிவிடும். கட்டியவர் அவர். ஆக, நான் நடைமேடையில் திகைத்து நிற்கும்போது என் டிக்கெட் பணம் அவருடைய கணக்குக்குப் புறப்பட்டுவிட்டது. டிக்கெட்டிலேயே இன்னொன்றும் அச்சாகியிருந்தது: அது தனிநபர் ஐடியில் (சொந்த உபயோகத்துக்கான முன்பதிவுக் கணக்கில்) எடுத்தது, அதை விற்பது ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி குற்றம். அந்த வரியை நான் படித்ததே ஊர் திரும்பிய பிறகுதான்.

கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்கு ஓடிப்போய், கடைசி வரிசையில் ஒரு பஸ் சீட் பிடித்து, காலையில் ராமநாதபுரம் இறங்கினேன். வந்தது வெள்ளை போர்டு கார். வாடகைக்கு ஓடும் காருக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்குப் பதிவான காரில் வாடகைக்குப் போய் வழியில் ஏதாவது ஆகிவிட்டால், இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரிக்க இடமுண்டு. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்று அதை நினைத்தும் பார்க்கவில்லை, ஏறிவிட்டேன். உச்சிப்புளி தாண்டும்போது ஓட்டுநர் இன்னும் 800 ரூபாய் கேட்டார். தனக்கு டீசல் பணம் மட்டும்தான் வந்தது என்றார். அந்தப் பையனையும் ஏமாற்றியிருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

மண்டபத்தில் லாட்ஜ் மேலாளர் பதிவேட்டையே திருப்பிக் காட்டினார். என் பெயர் இல்லை. போன் செய்தால் ஏற்பாட்டாளர், "ராமேஸ்வரத்தில் அறை போட்டிருக்கிறேன், பாலம் தாண்டினால் வந்துவிடும், கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் சார்" என்கிறார். தினமும் அந்த இரும்புப் பெட்டியோடு பாம்பன் பாலத்தைக் கடந்து போய்வருவதா? அதன் பிறகு அவர் போனையே எடுக்கவில்லை. ஆலைக்கார அண்ணன், "தம்பி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே அறை பார்த்து வைத்திருப்பேனே" என்று வருத்தப்பட்டுக்கொண்டு, ஆலை அலுவலகத்திலேயே கட்டில் போட்டுக் கொடுத்தார். இரண்டு நாளும் அவர் வீட்டுச் சோறு, நாட்டுப்படகில் வந்த மீன் குழம்பு. வேலையைக் குறித்த நாளில் முடித்தேன் என்றால் அதற்கு அவர்தான் காரணம்.

மாத முடிவில் கடைசி அடி. பயணச் செலவைத் திரும்பப் பெற ஏற்பாட்டாளர் கொடுத்த பில்லை அலுவலகத்தில் வைத்தேன். கணக்குப் பிரிவு அக்கா ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள் இருக்க வேண்டும்: முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்து பான் எண், பிறகு மூன்று. என் பில்லில் இருந்தவை 14. எண் சரியாக இருந்தாலும்கூட, அது யாருடையது என்று ஜிஎஸ்டி இணையதளத்தில் எவரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாமாம். 9,500 ரூபாயும் என் சம்பளத்திலேயே போயிற்று. பள்ளி திறந்து பிள்ளைகளுக்கு நோட்டும் சீருடையும் வாங்கிய மாதம் அது.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். பணம் இதுவரை வரவில்லை.

திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. போனவன் நான்; ஆனால் அந்தப் பயணத்தில் என் பெயரிலோ என் எண்ணிலோ எதுவுமே இருக்கவில்லை. அதனால்தான் ஒவ்வொன்றும் கைநழுவிய பிறகே எனக்குத் தெரிந்தது. இப்போது டிக்கெட்டை என் ஐடியிலேயே, என் எண் கொடுத்து எடுக்கிறேன். கிளம்பும் முன் ரயில்வே விசாரணை எண் 139-இல் நிலவரம் கேட்கிறேன். லாட்ஜுக்கு நானே போன் செய்து, பதிவேட்டில் பெயர் எழுதியாயிற்றா என்று கேட்டு, எழுதியவரின் பெயரையும் குறித்துக்கொள்கிறேன். ராமநாதபுரத்திலிருந்து மண்டபத்துக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. பெட்டி கனமாக இருந்தால் ஆலைக்காரர்களிடமே கார் சொல்லச் சொல்கிறேன். மஞ்சள் பலகையைப் பார்த்த பிறகே ஏறுகிறேன்.

உங்களில் யாரிடமாவது இதுபோன்ற ஏற்பாட்டாளர் கொடுத்த பில் இருந்தால், இன்றே எடுத்து அதிலுள்ள ஜிஎஸ்டி எண்ணின் எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். மாத முடிவில் கணக்குப் பிரிவு சொல்லும்வரை காத்திருந்தால், அதற்குள் அந்த ஆளின் போன் எண் மாறியிருக்கும்.