கோடை லீவில் வலை வேலையா, சங்குக் கடையா?

பத்தாவது, பதினொன்றாவது முடித்த பையனுக்கு ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் மே மாதத்தில் சுலபமாகக் கிடைக்கிற வேலைகளில் இரண்டு இவை: கரையில் வலைக் கிழிசல் பார்ப்பது, கோயிலைச் சுற்றியுள்ள சங்குக் கடையில் நிற்பது. காசு இரண்டிலும் வரும். படிப்பை வைத்துப் பார்த்தால் என் ஓட்டு கடைக்குத்தான்.

வலை வேலை லேசுப்பட்டதல்ல. கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, கிழிந்த ஓரத்தை வெட்டிச் சீராக்கி, கண்ணிகளை (வலையின் கட்டங்களை) எண்ணிய பிறகே ஊசியை ஓட்ட வேண்டும். ஒரு கண்ணி குறைந்தாலும் அந்த இடம் சுருங்கி இழுக்கும். அவிழ்த்து மறுபடி பின்ன வேண்டியதுதான். உட்கார்ந்து படிக்கத் தேவையான பொறுமை இதில் தானாக வரும்.

கோளாறு தேதியில் இருக்கிறது. விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பள்ளியோ பெரும்பாலும் ஜூன் முதல் பாதியிலேயே திறந்துவிடும். புதுப் பாடம் தொடங்குகிற நேரத்தில், "முதல் தொழிலுக்கு மட்டும் வாடா தம்பி" என்பார் சம்மாட்டி, அதாவது படகு முதலாளி. தொழில் என்றால் ஒருமுறை கடலுக்குப் போய் வருவது. தடை முடிந்த கையோடு இறால் பிடிபாடு நன்றாக இருந்தால் பையனுக்கும் மறுக்க மனம் வராது. காலையில் போன படகு மறுநாள் காலையில்தான் கரை சேரும். வந்தவன் அன்று தூங்குவான். ஒரு தொழிலுக்கு இரண்டு நாள் வகுப்பு போச்சு. முன்பணம் வாங்கியிருந்தால் அடுத்த தொழிலுக்கும் போயாக வேண்டும். ஜூனில் விட்ட கணக்குப் பாடம் காலாண்டுத் தேர்வில் பல்லிளிக்கும். எல்லாப் பையனுக்கும் இப்படித்தான் ஆகும் என்று சொல்ல மாட்டேன். அப்பா, அண்ணன் படகில் இல்லாத வீட்டில் இழுப்பு குறைவாக இருக்கலாம்.

கடையில் நிலைமை தலைகீழ். பள்ளி திறந்தால் குடும்பக் கூட்டம் வடியும். முதலாளியே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார். மூன்று சங்கு மாலை, ஒன்று 40 ரூபாய் வீதம், கொடுத்தது 500, மீதி 380 என்று மனக்கணக்கு ஓடும். வடநாட்டு யாத்ரீகர்களுக்கு இந்தியில் விலை சொல்ல வேண்டும்: டேட் சௌ 150, டாய் சௌ 250. இதில் குழம்பினால் நூறு ரூபாய் கைவிட்டுப் போகும், அதனாலேயே சீக்கிரம் படிந்துவிடும்.

நேரத்தை மட்டும் முதல் நாளே பேசிவிடுங்கள். கோயிலுக்கு எதிரே பக்தர்கள் நீராடும் கடற்கரையான அக்னி தீர்த்தத்தில் விடியற்காலையே கூட்டம் என்பதால் ஐந்து மணிக்கு வரச் சொல்வார்கள். சட்டப்படி 14 வயது முடிந்து 18 ஆகாதவர்களை இரவு 7 முதல் காலை 8 வரை வேலையில் வைக்கக் கூடாது. ஓய்வையும் சேர்த்து ஆறு மணி நேரம்தான், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது. 9 முதல் 12, பிறகு 1 முதல் 3 என்றால் சரியாக வரும்.

துணைத்தேர்வு எழுத வேண்டிய பையனென்றால் கடை வேண்டாம், பகல் அதிலேயே போனால் படிக்க நேரம் இருக்காது. அவனுக்கு வலைதான், அதுவும் அரை நாள், முன்பணம் வாங்காமல்.