எங்கள் மென்பொருளைத் திறக்காமலே கையேடு எழுதியவர்

வெள்ளவத்தையில் ஐந்து பேரோடு ஒரு சின்ன மென்பொருள் கொம்பனி நடத்துகிறேன். புறக்கோட்டைக் கடைகளுக்கான பில்லிங், ஸ்டொக் மென்பொருள்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. அதற்குக் கையேடு எழுத ஒரு ரெக்னிக்கல் ரைட்டரைப் பிடித்து ஏமாந்தேன். ஆள் தேடுகிறவர்கள் வாசித்துவிட்டுத் தேடுங்கள்.

பெயர் வேண்டாம், கொழும்பில்தான் இருக்கிறார். காட்டிய மாதிரிகள் மூன்றும் அருமை. 180,000 ரூபாய்க்குப் பேசி, பாதியை முற்பணமாகப் போட்டேன். "மூண்டு கிழமையில தாறன் அண்ணா" என்றார். டெஸ்ட் லொகின் கொடுத்தோம். அதற்குப் பிறகு ஒரு கேள்விகூட வரவில்லை. கெட்டிக்காரப் பெடியன் என்று நினைத்தேன். தெரியாத மென்பொருளைப் பற்றி எழுதுகிறவர் கேள்வி கேட்டே நம் உயிரை எடுக்க வேண்டாமா? அது அப்போது உறைக்கவில்லை.

சொன்ன நாளில் 64 பக்கம் வந்தது. மேலோட்டமாகப் புரட்டிவிட்டு ஒரு கடைக்கு அனுப்பினேன், என் மடத்தனம். அடுத்த நாள் முதலாளி போன் எடுத்தார். "தம்பி, இதில சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி எண்டு கிடக்கு. எங்கட வற் எங்க?"

இங்கே 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். மத்திக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதி என்று பிரிப்பது இந்தியாவின் ஜிஎஸ்டி. ஏதோ இந்திய மென்பொருளின் கையேட்டில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். 41ஆம் பக்கத்தில் பழைய பெயரே ஒரு இடத்தில் தப்பிக் கிடந்தது.

இதையாவது சிரித்துக் கடக்கலாம். சாமானை நீக்கும் பொத்தானை அழுத்தினால் "உறுதியா?" என்று கேட்கும் என எழுதியிருந்தார். எங்கள் மென்பொருள் கேட்காது, உடனே நீக்கிவிடும். (அது எங்கள் குறைதான், இப்போது திருத்திவிட்டோம்.) கையேட்டை நம்பி அழுத்திப் பார்த்த கடைப் பெடியனுக்கு ஒரு பிரிவுச் சாமான் முழுக்கப் போனது. பேக்கப்பிலிருந்து மீட்டு முடிக்க இரவு இரண்டு மணி.

வேறு மென்பொருள்கள் எங்களுடையதோடு பேசுவதற்கான வழி ஏபிஐ. அந்தப் பகுதியில் இருந்த மாதிரிக் கட்டளைகளை ஓடவிட்டோம். பாதிக்கு மேல் 404 பிழை. அப்படியான முகவரிகளே எங்களிடம் இல்லை. பிறகுதான் யார் எப்போது உள்ளே வந்தார் என்று பதிந்து வைக்கும் சேர்வர் லொக்கைப் பார்க்கத் தோன்றியது. மூன்று கிழமையில் ஒரே தரம், 11 நிமிடம் உள்ளே வந்திருக்கிறார்.

இப்போது யார் வந்தாலும் பழைய மாதிரிகளை நான் கேட்பதில்லை. டெஸ்ட் லொகினைக் கொடுத்து, விற்ற சாமான் திரும்பி வந்தால் பில்லை எப்படி மாற்றுவது என்று ஒரே ஒரு பக்கம், அதற்குரிய காசோடு, எழுதச் சொல்கிறேன். அந்தப் பக்கத்தை மேல்மாடி அன்ரியிடம் கொடுப்பேன். அவருக்கு வட்ஸ்அப் தவிர ஒன்றும் தெரியாது. அன்ரி யாரிடமும் கேட்காமல் செய்து முடித்தால்தான் மிச்ச வேலையைப் பற்றிக் கதைப்போம். இதுவரை இரண்டு பேரில் ஒருவர் தேறியிருக்கிறார்.

முற்பணம் 90,000 திரும்பவில்லை. போன கிழமை அவரிடமிருந்து ஒரு மெசேஜ்: "அண்ணா, மிச்சக் காசு எப்ப போடுவீங்கள்?"