ஏற்காட்டில் நடந்த இலவசக் கண் சிகிச்சை முகாம்

காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் அத்தையை ஏற்காட்டில் நடந்த முகாமுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கண்ணழுத்தமும் சர்க்கரையும் சோதித்துக் கண்புரை முற்றியிருப்பதை உறுதிசெய்த மருத்துவர்கள், அவரை அன்றே பேருந்தில் சேலத்துக்கு அழைத்துச் சென்று, உள்விழி லென்ஸ் பொருத்தி, உணவும் சொட்டு மருந்தும் கொடுத்து, ஊரிலேயே கொண்டுவந்து விட்டார்கள். கையிலிருந்து ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. 1976இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் இத்தகைய அறுவை சிகிச்சைகளுக்கு நிதி உதவுகிறது. கண்ணாடி விஷயத்தில்தான் குறை: வெள்ளெழுத்துக் கண்ணாடி மட்டுமே கிடைத்தது, வேறு கண்ணாடி தேவைப்பட்டவர்கள் சீட்டோடு கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. விழித்திரை அறுவை போன்ற பெரிய சிகிச்சை தேவைப்படுவோர், குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், வருமானச் சான்றுடனும் குடும்ப அட்டையுடனும் சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நல்லது.