காதணி விழா பிளக்ஸ்: போர்டு ஆர்ட்டிஸ்டா, டிடிபி கடையா, ஏஐயா?

மதுரைப் பக்கம் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வைப்பது சொந்தக்காரர்களுக்காக. பிளக்ஸ் வைப்பது ஊருக்காக. செல்லூரானாலும் உசிலம்பட்டியானாலும், காதணி விழா என்றால் மண்டபத்துக்குப் போகும் வழியெல்லாம் குழந்தை சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன: தூரிகை பிடிக்கும் போர்டு ஆர்ட்டிஸ்ட், டிடிபி கடை டிசைனர், கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்ட செயற்கை நுண்ணறிவு. மனிதக் கற்பனையை இயந்திரம் விழுங்கிவிடுமா என்று மேடை போட்டு விவாதிக்கிறார்கள். அதையே பத்துக்கு எட்டு அடி பிளக்ஸில் வைத்துப் பார்ப்போம்.

போர்டு ஆர்ட்டிஸ்ட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவருடைய விசேஷ வேலைகளை டிஜிட்டல் பிரின்டிங் எப்போதோ எடுத்துக்கொண்டது. அந்தப் பழியை ஏஐ மேல் போடுவது நியாயமில்லை. கடைப் பலகை, பள்ளிச் சுவர், தேர்தல் நேரத்துச் சின்னம் ஆகியவற்றில் அவர் இன்னும் இருக்கிறார். நீளமான பெயரைக் குறுகிய இடத்தில் அளவுகோல் இல்லாமல் அடக்கிவிடும் அவருடைய கண் மற்ற இருவருக்கும் கிடையாது. ஆனால் இரண்டு நாளில் கழற்றப்போகும் பலகைக்கு அவரைக் கூப்பிடுவது அவருக்கும் நமக்கும் வீண்செலவு.

உண்மையான போட்டி மற்ற இருவருக்குள்தான்.

முதலில் படம். 2025 மார்ச்சில் சாட்ஜிபிடியில் புதிய படம் உருவாக்கும் வசதி வந்ததும், பாதி ஊர் தன் முகத்தை ஜப்பானியக் கார்ட்டூனாக மாற்றிப் பார்த்தது. தாமரைமேல் குழந்தை, பின்னால் மயில், மேலே பொன்மழை என்று எதைக் கேட்டாலும் ஏஐ தருகிறது. கோபுரம் கேட்டால் கோபுரமும் வரும். அது மீனாட்சி கோபுரமாக இருக்காது என்பதுதான் சிக்கல். ஒன்பது நிலைகளோடு ஏறத்தாழ 170 அடி உயரம் நிற்கும் தெற்குக் கோபுரத்தின் இடுப்பு வளைவை மதுரைக்காரர்கள் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்வார்கள். ஏஐ பல கோபுரங்களின் சாயலைக் கலந்து, எந்த ஊரிலும் இல்லாத ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிடுகிறது. இதற்காக டிடிபி கடையைத் தூக்கிவைக்கவும் முடியாது. அங்கே இருக்கும் தங்கச் சட்டமும் மயிலும் எங்கோ இறக்கிய கோப்புகள். போன மாதம் வேறொரு வீட்டுக் குழந்தைக்குப் பின்னால் நின்ற அதே மயில்தான் இந்த மாதம் நம் வீட்டுக்கும் வரும். படத்தைப் பொறுத்தவரை ஏஐக்கே என் ஓட்டு.

அடுத்தது வாசகம். “மாமன் மடியில் மல்லிகைச் சிரிப்பு” போன்ற வரிகள் இட்லித் தட்டில் வார்த்தவை. குழந்தையின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். ஏஐயிடம் கேட்டால் பத்து வரிகள் தரும், மோனைகூட வைக்கும். ஆனால் அடுத்து வரத்தக்க சொற்களைக் கணித்துக் கோத்துச் செல்லும் இயந்திரம் அது. எனவே “அன்பின் அரவணைப்பில் ஆனந்தத் திருநாள்” என்ற திசையிலேயே திரும்பத் திரும்பப் போகிறது. 2024-ல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏஐ தந்த யோசனைகளோடு எழுதியவர்களின் குட்டிக் கதைகள் தனித்தனியே பார்க்கும்போது கூடுதல் மதிப்பீடு பெற்றன. ஆனால் அந்தக் கதைகள் ஒன்றையொன்று அதிகமாக ஒத்திருந்தன. நம் பிளக்ஸ்கள் அந்த நிலைக்கு ஏஐ வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டன. இயந்திரம் இப்போது எடுத்துக்கொள்வது, நாமே இயந்திரமாகச் செய்துகொண்டிருந்த பகுதியைத்தான். வாசகத்தில் இருவரும் சமம்.

பெயர்ப் பட்டியலில்தான் ஆட்டம் மாறுகிறது.

குறிப்புத் தாளை நீட்டியதும் நல்ல டிசைனர் கேட்கும் முதல் கேள்வி, “தாய்மாமன் எத்தனை பேர் அண்ணே?” என்பதுதான். காது குத்துவது மாமன் மடியில். சீர் கொண்டுவருவதும் மாமன்தான். ஆகவே மாமன் படம் எத்தனை அங்குலம் என்பது அழகைப் பற்றிய கேள்வியே அல்ல. மூத்த மாமனும் இளைய மாமனும் பேசிக்கொள்வதில்லை என்றால் இருவரையும் ஒரே அளவில் இரண்டு ஓரங்களில் நிறுத்தி, நடுவே குழந்தையை வைப்பார். குலதெய்வம் உச்சியில், காலமான தாத்தா அதற்குக் கீழே, மாலையோடு. கட்சிப் பொறுப்பில் இருக்கும் சித்தப்பாவுக்குக் கரைவேட்டி தெரிகிற படம். அத்தையின் கணவர் பெயர் மேல் வரிசையிலிருந்து கீழே இறங்கினால், அந்தக் கோபம் மொய் நோட்டில் தெரியும். ஒரு முகச்சுளிப்பைப் பார்த்தே வரிசையை மாற்றும் திறமைக்கு யாரும் கலை என்று பெயர் வைத்ததில்லை. எனக்கு அது கலைதான்.

ஏஐயோ நாம் தட்டச்சு செய்த வரிசையிலேயே பெயர்களை அடுக்கும், அல்லது எல்லோரையும் சமமாக நடத்தும். மதுரையில் இரண்டும் ஆபத்து. அதற்கு அறிவு போதாது என்று இதற்குப் பொருளில்லை. யார் யாரோடு பேசுவதில்லை என்ற செய்தியை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. எழுதாததை அது படித்திருக்க முடியாது. நாமே விளக்கமாகச் சொன்னால் செய்துவிடும். அப்படிச் சொல்லத் தெரிந்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது என்று பொருள்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அச்சுக்குச் சதுர அடிக் கணக்கு எப்படியும் உண்டு. டிசைன் கூலி மட்டும்தான் மிச்சமாகும். அதையும் எழுத்துச் சிக்கல் தின்றுவிடும். ஏஐ படத்துக்குள்ளேயே எழுதும் தமிழ் முன்பைவிடத் தேறியிருந்தாலும், நீளமான பெயர்களில் புள்ளியும் சுழியும் இன்னும் தவறுகின்றன. வாசகத்தை மட்டும் எடுத்துப் பழைய போட்டோஷாப்பில் ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பல கடைகள் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் வேலை செய்கின்றன. ஏஐ தரும் எழுத்தை அவற்றில் அப்படியே ஒட்ட முடியாது.

என் பரிந்துரை இது: பின்னணிப் படத்தை ஏஐயிடம் வாங்குங்கள், எழுத்தே இல்லாமல். அதைக் கடைக்குக் கொண்டுபோய், பெயர்களை டிசைனர் பக்கத்தில் உட்கார்ந்து அடுக்குங்கள். கூட ஒரு பெரியவரையும் அழைத்துச் செல்லுங்கள். புரூஃப் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. பெரும்பாலும் கையில் கிடைப்பது வாக்காளர் அட்டைப் படம்தான். அதைத் தெளிவாக்கச் சொன்னால் ஏஐ இல்லாத விவரங்களைத் தானே ஊகித்து நிரப்பும். மூக்கும் கண்ணும் சற்றே மாறி வேறொருவர் வந்து நிற்பார். டிடிபி கடைக்காரரும் வித்தை காட்டுபவர்தான்: கழுத்துக்குக் கீழே வேறொருவரின் வெள்ளைச் சட்டை, சில நேரம் சங்கிலிகூட. ஆனால் முகத்தில் அவர் கை வைக்கமாட்டார். மங்கலாக இருந்தாலும் அந்தப் படத்தையே போடச் சொல்லுங்கள்.