தூக்கத்துக்குப் பாலா, செர்ரி ஜூஸா, மக்னீசியமா? இல்லை, சாயங்காலக் காபியை விடுவதா?

65 வயதைத் தாண்டிய ஒருவர் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்க்கிறார் என்று தெரிந்தால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பால் குடி என்பார் ஒருவர், மக்னீசியம் போடு என்பார் இன்னொருவர். எல்லாவற்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புதிதாக ஒன்றைச் சேர்ப்பதைவிட ஏற்கெனவே சாப்பிடுவதையும் குடிப்பதையும் நேரம் மாற்றுவதுதான் முதலில் செய்ய வேண்டியது என்பது என் கட்சி.

முதலில் பால். அதில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, அதை வைத்து உடல் செரோடோனினைச் செய்கிறது, பிறகு அதிலிருந்து, தூங்கும் நேரம் வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் ஹார்மோனான மெலடோனினைச் செய்கிறது, ஆகவே பால் குடித்தால் தூக்கம் வரும் என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு டம்ளர் பாலில் கிடைக்கும் டிரிப்டோஃபேன் சுமார் 100 மில்லிகிராம். ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்ததோ பெரும்பாலும் 1 கிராமும் அதற்கு மேலும். போதாக்குறைக்கு, பாலில் உள்ள மற்ற அமினோ அமிலங்களும் மூளைக்குள் நுழைய அதே வாசலில் முண்டியடிக்கின்றன. பழக்கத்தின் இதம் வேண்டுமானால் இருக்கும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பத்து மணிக்குக் குடித்த டம்ளர் இரண்டு மணிக்குப் பாத்ரூமுக்கு எழுப்பினால் என்ன லாபம்?

புளிப்புச் செர்ரி ஜூஸுக்கு ஒரு மரியாதை உண்டு, அதை வயதானவர்களிடமே சோதித்திருக்கிறார்கள். 2010இல் வந்த ஆய்வில் தூக்கமின்மை உள்ள 15 முதியவர்கள் காலையும் மாலையும் குடித்தார்கள், நடு இரவில் விழித்திருக்கும் நேரம் ஓரளவு குறைந்தது. 15 பேர்தான், பலனும் சின்னதுதான். சர்க்கரை நோய் இருப்பவர் தினமும் இரண்டு டம்ளர் பழச்சாறு குடிப்பது பற்றி நான் சொல்லவே வேண்டாம். கிவி பழம்? 2011 ஆய்வில் சாப்பிட்டவர்கள் 20 முதல் 55 வயதுக்காரர்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. பிடித்தால் சாப்பிடலாம், அவ்வளவுதான்.

மக்னீசியம் கொஞ்சம் வலுவான போட்டியாளர். முதியவர்களிடம் நடந்த மூன்று சோதனைகளை, மொத்தம் 151 பேர், 2021இல் சேர்த்துப் பார்த்தபோது தூக்கம் சுமார் 17 நிமிடம் முன்னதாக வந்தது தெரிந்தது. ஆனால் அந்தச் சோதனைகளின் தரம் குறைவு என்று அதைத் தொகுத்தவர்களே சொல்லிவிட்டார்கள். வயிற்றுப்போக்கு வரலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மக்னீசியம் உடம்பில் தேங்கி ஆபத்தாகும், தைராய்டு மாத்திரையோடும் சில ஆன்டிபயாடிக்குகளோடும் சேர்த்துப் போட்டால் அந்த மருந்துகள் சரியாக உடம்பில் சேராது. டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். அதைவிடக் கீரை, பருப்பு வகைகள், கொட்டைகள் வழியாக வரும் மக்னீசியம் மேல், நார்ச்சத்தும் கூடவே வரும்.

மெலடோனின் மாத்திரையை உணவுக் கணக்கில் சேர்க்கவே எனக்கு மனமில்லை. 2017இல் கனடாவில் 31 தயாரிப்புகளைச் சோதித்தபோது, லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் கூடுதலாக இருந்ததும் உண்டு.

சரி, இப்போது எதிரணிக்கு வருவோம். உடலில் சேர்ந்த காஃபீனில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும், ஆளைப் பொறுத்துக் கூடும் குறையும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் கொடுத்த 2013 ஆய்வில் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. அது பெரிய அளவுதான், இரண்டு மூன்று பெரிய கப் காபிக்குச் சமம், ஆனாலும் வயதாக ஆக ஆழ்ந்த தூக்கம் தானாகவே குறைந்துகொண்டு வருகிறது, இருப்பதையும் எதற்குக் கெடுக்க வேண்டும்? டீயும் இதே கணக்கில்தான். மதியத்தோடு நிறுத்திவிட்டு இரண்டு வாரம் பாருங்கள். மது குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், பின்னிரவு நாசமாகும்.

அப்புறம் உப்பு. இதை யாரும் தூக்கத்தோடு சேர்த்து யோசிப்பதில்லை. 2017இல் ஜப்பானிய மருத்துவர்கள் சொன்னது: ஒரு நாளைக்கு 10.7 கிராமிலிருந்து 8 கிராமாக உப்பைக் குறைத்தவர்கள் இரவில் சிறுநீர் கழிக்க எழுவது சராசரியாக 2.3 தடவையிலிருந்து 1.4 ஆனது. எந்த ஜூஸும் இதற்குப் பக்கத்தில் வரவில்லை. தண்ணீரைக் குறைக்கச் சொல்லவில்லை, கவனிக்கவும். வயதானால் தாகமே சரியாகத் தெரியாது, அதனால் பகலில் நன்றாகக் குடித்துவிட்டுப் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து சிக்கனமாக இருந்தால் போதும். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் நெஞ்செரிச்சலும் அடங்கும். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் சாப்பாட்டு நேரத்தைத் தாங்களாக மாற்றக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும்.

இத்தனையும் செய்து பார்த்தும், படுத்ததும் கால்கள் குறுகுறுவென்று அசைக்கச் சொல்லித் தொந்தரவு செய்கின்றன என்றால், பாலையும் பழத்தையும் விட்டுவிட்டு ரத்தத்தில் ஃபெரிட்டின் அளவை, அதாவது உடலில் இரும்புச்சத்து எவ்வளவு இருப்பு இருக்கிறது என்பதை, பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவு அப்படித்தான் தூக்கத்தைத் தின்னும்.