அங்கன்வாடியா, பணியிடக் காப்பகமா?

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் இயங்கும் அங்கன்வாடிகள், உணவிலும் எடை கண்காணிப்பிலும் வலுவானவை. தமிழகத்தில் முட்டையும் சத்துமாவும் அங்கே கிடைப்பது சிறிய காரியமன்று. ஆனால், ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் சமையல், பதிவேடு, பாடம் என அனைத்தையும் பார்த்துக்கொள்ளும் இடத்தில், உறக்கம் கலைந்து அழும் இரண்டு வயதுக் குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுக்க யாருடைய கை ஒழிந்திருக்கும்?

2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பக வசதியைக் கட்டாயமாக்கியதோடு, தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்றுவரவும் உரிமை அளித்தது. இந்த உரிமையையே நான் பெரிதாக மதிக்கிறேன். தாய்ப்பால் தடைபடாமல் தொடர்வதற்கும், அம்மா திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை பிஞ்சு மனத்தில் வேரூன்றுவதற்கும் அதுவே வழிசெய்கிறது. முந்தானையை இறுகப் பற்றியபடி பால் குடித்த குழந்தை, வயிறு நிறைந்ததும் விரல்கள் தளர்ந்து காப்பாளரின் மடிக்கு மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

எனினும், வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் செல்லும் தாய்க்கு அச்சட்டம் எட்டுவதில்லை. அவளுக்கு அருகிலிருப்பது அங்கன்வாடிதான். அங்கே சேர்ப்பவர்கள், முதல் சில நாள்களில் சற்று நேரம் குழந்தையுடன் அமர்ந்திருந்து, சொல்லாமல் நழுவாமல், சொல்லிவிட்டே கிளம்புவது நல்லது.